தலை எந்தப் பக்கம்

உபால்தோவைச் சவப்பெட்டியில் கிடத்திய அன்று காலையில், அவனுக்குச் செருப்பு மாட்டுவதா வேண்டாமா என்று எனக்கும் என் மனைவி கசில்தாவுக்கும் பெரிய சண்டை. அவளுக்கு அவன் கூடப்பிறந்த அண்ணன். எனக்கு மச்சான். முப்பது வருஷத்துக்கு மேல் ஒரே பண்ணையில் சேர்ந்து குப்பை கொட்டியவர்கள் நாங்கள்.

"எங்கண்ணன் வெறுங்காலோட பரலோகம் போகணுமா?" என்றாள்.

"இருக்கறதே ஒத்தக் காலு. அதையும் மூடிட்டா அங்க யாருக்குடி அவன அடையாளம் தெரியும்?" என்றேன்.

அந்தச் செருப்பாலேயே என் தோளில் ஒன்று வைத்தாள். ஆனாலும் அவனுக்கு மாட்டவில்லை.

நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அப்பூரே ஆற்றுக்குத் தெற்கே எந்தப் பண்ணையில் கேட்டாலும் உபால்தோ என்றால் கால்தான். பிறந்ததிலிருந்து அவன் செருப்புப் போட்டவனில்லை. ஆனால் ஞாயிறுதோறும் பாதத்தின் காய்ப்பைக் கத்தியால் மெல்லச் சீவி, மாட்டுக் கொழுப்பை உருக்கித் தடவிக்கொள்வான். புதுப் பெண்ணுக்குக்கூட அவ்வளவு சிங்காரம் நடக்காது. அவனுக்கு இருபது வயதிருக்கும்போது ஊர்த் திருவிழா ஆட்டத்தில் பூட்ஸ் போட்ட லாரிக்காரன் ஒருவன் அவன் காலை மிதித்துவிட்டான். உபால்தோ அந்த ஆளின் காதைக் கடித்து மண்ணில் துப்பினான். அதை ஒரு கோழி கொத்திக்கொண்டு ஓடியது. "மூஞ்சில மிதிச்சிருந்தா போனாப் போகுதுன்னு விட்டிருப்பேன்" என்று பிறகு சாவகாசமாகச் சொன்னான்.

அந்தக் கால்தான் அவனுக்குச் சோறு போட்டது. பிப்ரவரி வந்தால் எங்கள் சமவெளியில் வெள்ளம் வற்றி, அங்கங்கே குளங்கள் மட்டும் மிஞ்சும். ஆயிரம் மாடும் அங்கேதான் குடிக்க வேண்டும். பாம்புகளும் அங்கேதான் வந்து ஒடுங்கும். வெளியூர்க்காரர்கள் அனகொண்டா என்று வாயைப் பிளப்பார்கள். எங்களுக்கு அது வெறும் தண்ணீர்ப் பாம்பு. வெறும் என்று சொல்கிறேனே ஒழிய, குனிந்து தண்ணீர் குடிக்கும் கன்றின் மூக்கைக் கவ்வினால் அந்தக் கன்று திரும்பக் கத்தாது. அதனால் மாடுகளை இறக்குவதற்கு முன் நாங்கள் இறங்குவோம்.

இடுப்பளவு சேற்றுத் தண்ணீர், மேலே பாசிப் பாய். கண்ணுக்கு அங்கே வேலையே கிடையாது. உபால்தோ முன்னால் போவான். திருக்கை முள் குத்தாதபடி பாதத்தைத் தூக்காமல் தேய்த்துத் தேய்த்து நகர்வான். கட்டையா, முதலையா, பாம்பா என்று பாதம் சொல்லிவிடும். பாம்பென்றால் அப்படியே நின்று கையைத் தூக்குவான். பெருவிரலால் அதன் முதுகை ஒருமுறை வருடிப் பார்ப்பான். செதில் வழுக்கிக்கொண்டு போனால் வால் பக்கம். விரலைத் தடுத்தால் தலைப் பக்கம். "தல எடப்பக்கம்" என்பான். எங்கள் கூட்டத்தில் இளையவனான பெலார்மினோ அந்தப் பக்கம் மூழ்கிக் கழுத்தைப் பிடிப்பான். நான் எதிர்ப்பக்கம் மூழ்கி வாலைப் பிடிப்பேன். வால் எதையும் சுற்றாமல் பார்த்துக்கொள்வது என் வேலை. இன்னும் இரண்டு பேர் கயிறு போட்டு இழுக்க, கங்காணி கரையில் கோடரியோடு நிற்பார். இருபத்திரண்டு வருஷத்தில் உபால்தோவின் கால் ஒரு தடவைகூடத் தப்பாகச் சொன்னதில்லை.

அந்த வருஷம் குளத்தில் இறங்குவதற்கு நான்கு நாள் முன்பு, மாட்டுத் தொடையைத் தணலில் வாட்டிக்கொண்டிருந்தோம். ஒரு கங்கு தெறித்து உபால்தோவின் குதிகாலுக்கடியில் போனது. அவன் அதன்மேல் நின்றபடி ஏதோ கழுதைக் கதை சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தான். தோல் பொசுங்கும் நாற்றம் வந்தது. நான் கீழே பார்த்தேன். அவன் என்னைப் பார்த்துவிட்டு, பிறகு தன் காலைப் பார்த்தான். அதற்குப் பிறகுதான் காலை நகர்த்தினான்.

"கறி கருகுது, மச்சான். திருப்பிப் போடு" என்றான்.

நான் திருப்பிப் போட்டேன். அவன் குரல் நடுங்கியதை வேறு யாரும் கவனிக்கவில்லை. பாம்பின் கால் பாம்பறியும். ஒரு கோழையை இன்னொரு கோழைக்குத் தெரியாதா? முன்னால் போகும் இடத்தை இழந்தால் உபால்தோ வெறும் மாடு மேய்ப்பவன். அந்தப் பயத்தில் அவன் மறைத்தான். நான் ஏன் மறைத்தேன்? அவனுக்கு அடுத்தபடியாக நல்ல பாதம் என்று பெயர் வாங்கியவன் நான்தான். அவன் விலகினால் நான்தான் முன்னால் போக வேண்டும். எனக்குப் பயம். அவ்வளவுதான் காரணம். அன்றைக்கு அவன் மானத்தைக் காப்பாற்றுவதாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

குளத்தில் இறங்கிய அன்று அவன் கையில் ஒரு கம்பு இருந்தது. "திருக்கை சாஸ்தி இந்த வருசம்" என்றான். எல்லோரும் நம்பினார்கள். குளத்தின் நடுவில் கம்பு எதிலோ முட்டியது. நின்று கையைத் தூக்கினான். பெருவிரலால் வருடுவதுபோல் தோளை அசைத்தான். ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டான்.

"என்னண்ணே, தாலாட்டா பாடுறீங்க?" என்றான் பெலார்மினோ. நல்ல பையன், கல்யாணமாகி ஒன்றரை வருஷம். எப்போதும் வாயில் ஏதாவது கிண்டல் இருக்கும்.

"தல எடப்பக்கம்."

"நிச்சயமா?"

"எங்காலு உங்கிட்ட எப்படா பொய் சொல்லிச்சு?"

இடப்பக்கம் தலை என்றால் வலப்பக்கம் வால். வலப்பக்கம் நான். நான் குனிய வேண்டிய நேரம் அது. இல்லையென்றால், "பொறு பெலார்மினோ, அவன் காலு செத்துப்போச்சு" என்று கத்த வேண்டிய நேரம். நான் இரண்டையும் செய்யவில்லை. இரண்டடி பின்னால் நகர்ந்து நின்றுகொண்டேன்.

பெலார்மினோ மூழ்கினான். அவன் கையில் அகப்பட்டது வால்.

தலை என் பக்கமிருந்துதான் எழுந்தது. பாசியைக் கிழித்துக்கொண்டு, நான் நின்றிருக்க வேண்டிய இடத்தின் வழியாக, என் வயிற்றை உரசிக்கொண்டு போனது. பெலார்மினோ மூச்சுக்காகத் தலை தூக்கிய கணத்தில் அவன் தோளும் கழுத்தும் சேருமிடத்தில் கவ்வியது. அவன் அலறியது ஒரே தரம்தான். அதற்குள் முதல் சுற்று விழுந்துவிட்டது. இரண்டாவது சுற்றில் அவன் இடது கை முறிந்தது. வெயிலில் காய்ந்த கரும்பை முறிக்கிற சத்தம். நான் இன்றுவரை கரும்பு கடிப்பதில்லை.

"வெட்டுங்கடா!" என்று கங்காணி கோடரியோடு தண்ணீரில் குதித்தார்.

"வெட்டாதீங்கய்யா! வெட்டுனா இன்னும் இறுக்கும்! வாலப் புடிச்சு அவுக்கணும்!" என்று கத்தினேன். அப்போது மட்டும் எனக்குக் குரல் வந்தது.

உபால்தோ ஏற்கெனவே அதன்மேல் விழுந்திருந்தான். வால் நுனியைத் தேடிப் பல்லால் கடித்து இழுத்தான். வாயெல்லாம் ரத்தம், பாம்புடையதா அவனுடையதா தெரியாது. நானும் பிடித்தேன். ஒரு சுற்றை அவிழ்த்தால் இன்னொரு சுற்று விழுந்தது. பெலார்மினோவின் முகம் என் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. கண் வெண்மை முழுக்கச் சிவந்து, மூக்கிலிருந்து ரத்தம் வந்தது. அவன் மூச்சை விடவிட, சுற்று இறுகிக்கொண்டே போனது. விலா எலும்புகள் ஒவ்வொன்றாகப் போவதை என் உள்ளங்கையில் உணர்ந்தேன். ஐந்து பேரும் சேர்ந்து முழுவதும் அவிழ்த்து முடித்தபோது அவன் உடம்பு துணி மாதிரி என் கையில் தொங்கியது.

பாம்பைக் கரைக்கு இழுத்த பிறகு கங்காணி வெட்டினார். ஏழு வெட்டு. மூன்று ஆள் நீளம், என் இடுப்புப் பருமன், பெட்டை. அதன் வாலில் மூன்று ஆண் பாம்புகள், எங்கள் கைத்தடிமன்தான், பின்னிக் கிடந்தன. இணை சேரும் பருவம், அப்படித்தான். பெட்டை செத்தும் அவை விடவில்லை. பழைய உபால்தோவாக இருந்தால் காலை வைத்ததுமே, "பெரியவ ஒருத்தி, மேல சின்னவனுங்க, இது அவ வால் பக்கம்" என்று சொல்லியிருப்பான். அவன் கோடரியைப் பிடுங்கி அந்த மூன்றையும் கொத்தினான். துண்டு துண்டான பிறகும் மண்ணைக் கொத்திக்கொண்டே இருந்தான். கங்காணி பின்னாலிருந்து கட்டிப்பிடித்துத்தான் நிறுத்த முடிந்தது.

"பாம்பு திரும்பிடுச்சு" என்றார்கள் எல்லோரும். பாம்பு திரும்புவது சகஜம்தான். அதோடு விஷயம் முடிந்திருக்கும்.

மறுநாள் மத்தியானம் பெலார்மினோவை முற்றத்தில் கிடத்தியிருந்தார்கள். வந்தவர்களுக்குக் காப்பி போடத் தணல் மூட்டியிருந்தது. அவன் மனைவி தொமித்திலா பிணத்தின் முறிந்த கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உபால்தோ வந்தான். தொப்பியைக் கழற்றினான். காப்பிப் பானையை ஓரமாக இறக்கி வைத்துவிட்டு, இரண்டு காலாலும் தணல்மேல் ஏறி நின்றான்.

யாரோ கத்தினார்கள். அவன் முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை. புகை வந்தது. நாற்றம் வந்தது.

"பாத்துக்கம்மா. இந்தக் காலுதான். ஒரு வருசமா இதுக்கு ஒண்ணும் தெரியல. தல எங்கன்னு தெரியாமதான் ஒம் புருசன உள்ள அனுப்பினேன்" என்றான். பிறகு கூட்டத்தில் என்னைத் தேடிக் கண்ணால் பிடித்தான். "இது வேற யாருக்கும் தெரியாது. எம் மச்சானுக்கும் தெரியாது."

நான் தரையைப் பார்த்தேன்.

தொமித்திலா எழுந்தாள். தணலிலிருந்து எரிகிற கட்டை ஒன்றை எடுத்து அவன் முகத்தில் அடித்தாள். கன்னத்தில், வாயில், மறுபடி கன்னத்தில். ஒரு பக்கத்துப் பல் போயிற்று. யாரும் தடுக்கவில்லை, அவனும் கையைத் தூக்கவில்லை. கட்டை முறிந்த பிறகுதான் அவள் நிறுத்தினாள்.

வெந்த கால் அழுகியது. உடம்பில் சர்க்கரை என்று சான் ஃபெர்னாண்டோ ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னார். முழங்காலுக்குக் கீழே ஒன்றை எடுத்துவிட்டார்கள். பன்னிரண்டு வருஷம் எங்கள் வீட்டு ஊஞ்சல் கட்டிலில் கிடந்து தோல்கயிறு திரித்தான். அந்தக் குளத்தைப் பற்றி எங்களுக்குள் ஒரு வார்த்தை வந்ததில்லை. தொமித்திலா சனிக்கிழமைதோறும் வருவாள். வாசலில் நின்று அவன் இருக்கும் திசையில் காறித் துப்புவாள். பிறகு உள்ளே வந்து, தான் செய்த பாலாடைக்கட்டியை வாழையிலையில் மடித்து என் கையில் கொடுப்பாள். தன் புருஷனைப் பாம்பிலிருந்து அவிழ்த்த கை என்று.

சவப்பெட்டியை மூடுவதற்கு முன் அவள் வந்தாள். அன்றும் சனிக்கிழமைதான். அவனுடைய அந்த ஒற்றை வெறுங்காலை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, அதன்மேல் துப்பினாள். கசில்தா தன் பாவாடை நுனியால் துடைத்து, செருப்பை எடுத்து மாட்டிவிட்டாள். நான் இந்தத் தடவை தடுக்கவில்லை.

தொமித்திலா என் பக்கம் திரும்பி இலைப் பொட்டலத்தை நீட்டினாள். "நீங்க ஒருத்தர்தாண்ணே அன்னைக்கி அவருக்காக உசுரக் குடுத்துப் பாத்தீங்க."

"தொமித்திலா..." என்றேன்.

"சொல்லுங்கண்ணே."

பெட்டி இன்னும் திறந்துதான் இருந்தது. கசில்தா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போன வாரம் உப்பு கொஞ்சம் தூக்கலா இருந்துச்சும்மா."

"அடுத்த தடவ கொறச்சுப் போடுறேண்ணே" என்றாள்.