அசையாத கண்

அந்த டாக்டர் மேல் வந்த கோபம் ஆறிவிட்டது. என் மேல் வந்தது இன்னும் ஆறவில்லை.

தர்மபுரியில் ஒரு கண் ஆஸ்பத்திரி ஆபரேஷன் தியேட்டரில் நான் நர்ஸ். அன்று பாலக்கோட்டுப் பக்கம் தக்காளி பயிரிடும் ஓர் அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன். டாக்டர் புரையை உடைத்து, மெல்லிய குழாயால் உறிஞ்சிக்கொண்டிருந்தார். உடைந்த புரைத் துண்டு குழாய் முனையில் நிற்காமல் நழுவியது.

"கண்ண ஆட்டாதம்மா! எத்தன தடவ சொல்றது?" என்று கத்தினார்.

"ஆட்டலீங்க சார்."

அந்த அம்மா கட்டையைப் போலத்தான் படுத்திருந்தார். அப்போதுதான் கவனித்தேன். டாக்டர் கேட்டது வாய் நேராக வெட்டிய குழாய் முனை. அவசரத்தில் நான் மாட்டியது சாய்வாக வெட்டியது. அந்த வாய் துண்டின் மேல் முழுசாகப் படியாது. இடுக்கு வழியாகத் தண்ணீரை இழுக்குமே தவிர, துண்டைப் பிடிக்காது.

"முனைய மாத்தித் தரேன் சார்" என்றேன். எதற்கென்று சொல்லவில்லை. மாற்றியதும் துண்டு கப்பென்று ஒட்டியது.

"இப்பத்தான் ஒழுங்கா படுத்திருக்க" என்றார் டாக்டர், அந்த அம்மாவிடம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் அந்த அம்மாவின் கண்கட்டைப் பிரித்தேன். "நேத்து கண்ண ஆட்டி உங்களுக்கெல்லாம் சிரமம் குடுத்துட்டேனுங்க" என்றார். அதற்கு மேல் தாங்காமல் நடந்ததைச் சொன்னேன்.

அவர் சிரித்து மழுப்பவில்லை. "நான் திட்டு வாங்கறப்ப பக்கத்துலதான நின்ன? அப்பவே சொல்றதுக்கு என்ன?"

புதுப் பார்வையில் அவர் முதலில் தெளிவாகப் பார்த்தது என் முகத்தைத்தான்.