காலா, கம்பா

பரங்கிமலைப் படியில் நான் விழுந்ததைப் பார்த்தவர்கள் நிறையப் பேர். எதனால் விழுந்தேன் என்பதில்தான் ஒத்துப்போகவில்லை. கம்பு என்னைக் கைவிட்டது என்று நான் சொன்னேன். முட்டி மடங்கிவிட்டது என்று மற்ற எல்லோரும் சொன்னார்கள். அந்த மற்ற எல்லோரில் என் வீட்டுக்காரரும் அடக்கம். அவர் அன்றைக்கு அந்தப் பக்கமே வரவில்லை.

தி.நகரில் எங்களுக்கு மேட்சிங் பிளவுஸ் துணிக் கடை. கல்யாணமாகித் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த நாள் முதல் அந்தக் கவுண்டருக்குப் பின்னால் நிற்கிறேன். டியூப்லைட் வெளிச்சத்தில் புடவை ஒரு நிறம் காட்டும், வாசல் வெயிலில் வேறு நிறம் காட்டும். இரண்டுக்கும் சேருகிற துணியை முதல் தடவையிலேயே எடுத்துப் போடுவேன். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை என்று சொல்வது மரியாதை. நான் பெருமைக்காகத்தான் சொல்கிறேன். ஆனால் நின்ற நிற்பில் முட்டி தேய்ந்துபோனது. நடக்கச் சொன்னார் டாக்டர். எங்கள் வீடு கொட்டிவாக்கத்தில், கடலுக்குப் பக்கம். அங்கே காலையில் நடக்கிற பெண்கள் கூட்டத்தோடு சேர்ந்துகொண்டேன். நடக்க நடக்க வலி குறைந்தது, ஆசை கூடியது.

அந்தக் கூட்டத்தை நடத்துகிற அம்மா அடையாறில் இருக்கிறார். வங்கியில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். வருஷா வருஷம் பத்துப் பதினைந்து பெண்களை இமயமலைக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவருகிறவர். நானும் வருகிறேன் என்றேன். டாக்டரைக் கேட்டதற்கு, இரண்டு கைக்கும் மலையேறுகிற கம்பு வைத்துக்கொள்வதாக இருந்தால் தாராளமாகப் போகலாம் என்றார். இறங்கும்போது உடம்பின் பாரத்தில் பாதியை அது வாங்கிக்கொள்ளுமாம். மயிலாப்பூரில் மாடியில் இருக்கிற ஒரு கடையில் நல்லதாக ஒரு ஜோடி வாங்கினேன். அலுமினியக் குழாய்கள் ஒன்றுக்குள் ஒன்று நுழையும். வேண்டிய நீளத்துக்கு இழுத்துத் திருகினால் பூட்டிக்கொள்ளும். நிறைய வருஷத்துக்கு வாரண்டி.

வீட்டுக்காரர் அதைக் கையில் வாங்கித் தட்டிப் பார்த்துவிட்டு, "என்னட்டி, மாடு மேய்க்கப் போறியா?" என்று கேட்டார். கடைப் பையன்களுக்கு ஒரு வாரத்துக்குச் சிரிப்பு. இந்த வயசில் மலை எதற்கு, கடையை யார் பார்ப்பது, கீழே விழுந்தால் யார் தூக்குவது என்று சாப்பாட்டு நேரத்தில் தினம் ஒரு கேள்வி. பதிலுக்கு நான் தட்டில் சோற்றைக் கொஞ்சம் கூடுதல் வேகத்தோடு போடுவேன். அவருக்குப் புரியும்.

கம்புகளை நான் பார்த்துக்கொண்ட விதத்தைப் பற்றி யாரும் குறை சொல்ல முடியாது. உப்புக்காற்றில் ஜன்னல் கம்பியே உதிர்கிற ஊர் எங்களுடையது. மணலில் நடந்துவிட்டு வந்ததும் நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, உலர்த்தி, பீரோவில் வைப்பேன். என் உயரத்துக்குச் சரியான இடத்தில் நகப்பூச்சால் ஒரு கோடு போட்டிருந்தேன். ஒரு கீறல் கிடையாது. பிறகு, ஆயுத பூஜைக்கு முன்னாலேயே, அடைமழை வந்தது. கடற்கரை நடை நின்றுபோய், மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்து ஏறி இறங்கிக்கொண்டிருந்தோம். மழை விட்டதும் முதல் பயிற்சி பரங்கிமலை. கம்புகளும் அன்றுதான் பீரோவிலிருந்து வெளியே வந்தன.

ஏறும்போது ஒன்றுமில்லை. இறங்கும்போது வலது கம்பை ஊன்றிப் பாரத்தைப் போட்டேன். கைக்குக் கீழே அது இல்லை. சரசரவென்று உள்ளே போய்க் குட்டையாகிவிட்டது. நான் இரண்டு படி கீழே கிடந்தேன். முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். தூக்கிவிட்டவர்கள் கம்பை நீட்டித் திருகி, கையால் அழுத்திப் பார்த்தார்கள். நின்றது. நான் விழுந்த கனத்தில்தான் கம்பு உள்ளே போயிருக்கும் என்று ஒருவர் சொல்ல, மற்றவர்கள் தலையாட்டினார்கள். எனக்கு வந்த கோபத்தில் அந்தப் படியிலேயே இன்னொரு தடவை ஏறி இறங்கிக் காட்டியிருப்பேன். விடவில்லை.

அடையாறு அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். நல்லவிதமாகத்தான் சொன்னார், அதனால் இன்னும் வலித்தது. "அங்க போயி முட்டி மடங்கினா தூக்கிண்டு வர யாராலயும் முடியாதும்மா. கம்புலதான் கோளாறுன்னு காமிங்கோ, சந்தோஷமா கூட்டிண்டு போறேன்." அது நியாயம்தான். கம்பில் தப்பு என்றால் எனக்கு மலை உண்டு. காலில் தப்பு என்றால் இல்லை. வீட்டில் விஷயம் தெரிந்ததும் இவர், முட்டிதான், நான் அப்போதே சொன்னேன் என்றார்.

மறுநாளே மயிலாப்பூருக்குப் போனேன். கடைக்குப் பின்னால் ஒரு சின்ன அறையில் ரிப்பேர் பார்க்கிறார்கள். அங்கே உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு முப்பது வயசுக்குள் இருக்கும். கம்பைக் கையில் வாங்குவதற்கு முன்னாலேயே, உள்ளே ஏதாவது போட்டீர்களா என்று கேட்டார். நான் நிமிர்ந்து நின்று, வாங்கினது வாங்கினபடி இருக்கிறது, நாங்கள் ஒன்றும் செய்யவில்லை என்றேன்.

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. சாயம் போன பிளவுஸ் துணியைக் கொண்டுவருகிற ஒவ்வொருவரும் எங்கள் கவுண்டரில் சொல்கிற வாக்கியம் அது. வெந்நீரில் சோடா போட்டு ஊறவைத்துவிட்டு, தண்ணீரே படவில்லை என்பார்கள். முகர்ந்து பார்த்தாலே எனக்குத் தெரிந்துவிடும். அப்படிச் சொல்கிறவர்களை எப்படிப் பார்ப்பேனோ, அப்படித்தான் அந்தப் பெண் என்னைப் பார்த்தார். எனக்குக் காது சுட்டது. ஆனால் நான் சொன்னது பொய்யில்லை.

அவர் கம்பை நீட்டித் திருகினார். முதலில் கையால் அழுத்தினார், நின்றது. பிறகு எழுந்து, இரண்டு கையையும் அதன் தலையில் வைத்து, காலைத் தரையிலிருந்து லேசாகத் தூக்கி முழு உடம்பையும் போட்டார். கம்பு சரசரவென்று உள்ளே போனது. பரங்கிமலையில் கேட்ட அதே சத்தம். அடுத்த கம்பும் அப்படியே போனது. எனக்கு அழுகை வரும்போல இருந்தது. குழாயை உருவி, பூட்டிக்கொள்கிற பிளாஸ்டிக் துண்டை வெள்ளைத் துணியில் துடைத்து என் பக்கம் திருப்பிக் காட்டினார். துணியில் எண்ணெய்க் கறை. கறைக்குள் மஞ்சளாகப் பொடி, நடுவில் கொஞ்சம் சிவப்பு.

"இன்னா ஆன்ட்டி இது? சந்தனமா?" என்று கேட்டார்.

முகர்ந்தேன். சந்தனம், குங்குமம், தையல் மெஷின் எண்ணெய். எங்கள் கடை வாசனை.

எங்கள் கடையில் ஆயுத பூஜையை இவர்தான் செய்வார். கத்தரி, மீட்டர் கோல், பில் மெஷின் எல்லாவற்றையும் கழற்ற முடிந்தவரை கழற்றித் துடைப்பார். கத்தரியின் மூட்டில் மெஷின் எண்ணெய் விடுவார். எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து சாமி படத்துக்கு முன்னால் அடுக்குவார். அன்றைக்கு நான் வேலையாட்களின் சாப்பாட்டுக்காக வீட்டில் அடுப்படியில் இருந்தேன். நான் கடைக்கு வந்து சேர்வதற்குள் பூஜை முடிந்திருந்தது. அடுக்கியிருந்ததில் என்னென்ன இருந்தது என்று நான் போய் எண்ணிப் பார்க்கவில்லை. எனக்குத் தெரியாமல் கடைக்குக் கொண்டுபோன கம்புகளை மறுநாள் வெளியே பளிச்சென்று துடைத்து, என் நகப்பூச்சுக் கோட்டில் சரியாக நிறுத்தி, பீரோவில் இருந்த இடத்திலேயே வைத்திருக்கிறார்.

அந்தப் பெண் விளக்கினார். கத்தரிக்கு எண்ணெய் நல்லது. இந்தப் பூட்டோ உரசிப் பிடிக்கிற பூட்டு, எண்ணெய் பட்டால் கையால் அழுத்தும்போது நிற்கும், ஆள் பாரத்துக்கு வழுக்கும். ஆகவே கம்பெனியின் மேல் தப்பில்லை, வாரண்டியும் வராது. வருத்தமான செய்தியைச் சொல்கிற குரலில்தான் சொன்னார். நான் சிரித்துக்கொண்டிருந்தேன்.

"வாரண்டி இல்லன்றேன், நீங்க சிரிச்சிகினு கீறீங்க."

என் காலில் தப்பில்லை என்று இன்னொரு தடவை சொல்லம்மா என்றேன். சொன்னார். பெற்ற பிள்ளைக்கு முதல் ரேங்க் என்று டீச்சர் சொன்னபோதுகூட எனக்கு அவ்வளவு பெருமையாக இல்லை. கெட்டுப்போன துண்டுகளைக் காசு கொடுத்தே மாற்றிக்கொண்டு, எண்ணெய்த் துணியைக் கேட்டு வாங்கி, ஆட்டோ பிடித்து நேராகக் கடைக்குப் போனேன்.

சாயந்தர வியாபாரம். கவுண்டரில் கூட்டம். இவர் லைனிங் துணி கிழித்துக்கொண்டிருந்தார். துணியை அவர் முன்னால் விரித்தேன். பார்த்தார், முகர்ந்தார், முகம் மாறிவிட்டது. நடந்ததைச் சொன்னேன். மாடு மேய்க்கிற கம்பை எதற்குப் பூஜையில் வைத்தீர்கள் என்று கேட்டேன். அவர் அடையாறு அம்மாவின் நம்பரைக் கேட்டார்.

இவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சரக்கை மாற்றிக் கொடுப்பார், ஆனால் தப்பு எங்களுடையது என்று ஒரு நாளும் ஒப்புக்கொள்ள மாட்டார். நீங்கள் துவைத்த விதம் அப்படி என்று சொல்லிவிட்டுத்தான் மாற்றியே கொடுப்பார். அந்த மனுஷன் அத்தனை வாடிக்கையாளர்களுக்கு நடுவில் போனைக் காதில் வைத்துக்கொண்டு சத்தமாகப் பேசினார்.

"அம்மா, அவ கால் மேல ஒரு குத்தமும் இல்ல. ஆயுத பூஜைக்கு என் கத்தரிக்கு எண்ணெ போட்டுச் சந்தனம் வச்சேன். அதையேதான் அவ கம்புக்கும் செஞ்சேன். அவள விழ வச்சது நான். அவ ஏறுவா. கூட்டிட்டுப் போங்க."

நான் அலமாரிப் பக்கம் திரும்பி, யாரும் கேட்காத ஒரு மெரூன் துணியை எடுத்து மடித்துக்கொண்டிருந்தேன். மலைக்குப் போகாதே என்று தினமும் சொன்னவர், தன் பிழைப்புக்கான சாமான்களோடு என் கம்புகளையும் சேர்த்து வைத்துக் கும்பிட்டிருக்கிறார். அதை என்னிடம் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

கோடையில் போனேன். ஏறியதைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, மூச்சு வாங்கியது, ஏறினேன். இறக்கத்தில்தான் பயம். பனி கரைந்து ஈரமாகக் கிடந்த சரளைச் சரிவில் வலது கம்பை ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு முழுப் பாரத்தையும் போட்டேன். கம்பு நின்றது. முட்டியும் நின்றது. எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்த அடையாறு அம்மா திரும்பிப் பார்த்துவிட்டு நடந்தார்.

சிக்னல் கிடைத்த முதல் கிராமத்தில் கடைக்குப் போன் போட்டேன். எடுத்ததும், கால் எப்படி இருக்கிறது என்றார். நன்றாக இருக்கிறது, கீழே வந்துவிட்டேன் என்றேன். அந்தப் பக்கம் டொக்கென்று ஏதோ சத்தம் கேட்டது. லைன் போய்விட்டது என்று நினைத்துப் போனை வைக்கப் பார்த்தேன். அதற்குள் அவர் போனைக் கவுண்டரில் வைத்துவிட்டு, "எறங்கிட்டா" என்று கடையில் இருந்த ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டு போவது கேட்டது.