மஸ்கட்டுக்கு நாலு மணி நேரம்

கெலமங்கலத்தில் தக்காளி போடும் திம்மப்பனுக்கு மஸ்கட்டிலிருந்து போன் வந்தது. அங்கே கட்டட வேலை செய்யும் மகன் பாலாஜி சாரத்திலிருந்து விழுந்து, நினைவில்லாமல் ஆஸ்பத்திரியில் கிடக்கிறானாம்.

"பெங்களூர்ல ஏறினா நாலு மணி நேரந்தாங்க. மெட்ராஸ் பஸ்ஸே அதுக்கு மேல ஆகும்," என்றார் ஓசூர் டிராவல்ஸ்காரர். "பாஸ்போர்ட் இருக்குதுங்களா?"

இல்லை. ஆதாரில் திம்மப்பன், ரேஷன் கார்டில் திம்மப்பா. அதைச் சரிசெய்யவே இரண்டு வாரம் போயிற்று. பிறகு போலீஸ் விசாரணை, அப்புறம் விசா.

"எப்பத்தான் போவீங்க?" என்று மனைவி கெம்பம்மா தினமும் கேட்டாள். தக்காளி செடியிலேயே பழுத்து உதிர்ந்தது. பறிக்க அவருக்கு மனம் வரவில்லை.

நாற்பத்தோராம் நாள்தான் விமானம் ஏறினார். சொன்னபடியே நாலு மணி நேரத்தில் இறங்கிவிட்டது.

பாலாஜிக்கு நினைவு திரும்பியிருந்தது. இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை.

"கண்ணு முழிச்சதும் உன்னத்தாம்ப்பா தேடினேன்," என்றான்.

திம்மப்பன் போர்வையை இழுத்துவிட்டு, அவன் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார்.