மன்னிப்பு கேட்ட லூப்

1. சாவதில் தொடங்கியது

டப்பிங் தியேட்டரில் எனக்குக் கிடைத்த முதல் வேலை, செத்துப்போவது. வெளிநாட்டுப் படம் ஒன்றில் ரோபோக்கள் சுட்டு ஜனங்கள் சாகிற காட்சி. மைக்கைச் சுற்றி நின்று கும்பலாகக் கத்தினோம். இதற்கு க்ரௌட் வாய்ஸ் என்று பெயர். நான் நன்றாகச் செத்ததாகச் சொல்லி, அடுத்த ஞாயிறும் வரச் சொன்னார்கள்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. மற்ற நாட்களில் தாம்பரம் சானடோரியத்தில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் வேலை. எலெக்ட்ரானிக் போர்டுகளில் பாகங்களை வைத்து சால்டரிங் செய்யும் லைன். லைனில் எல்லோரும் பெண்கள். ஞாயிறு மட்டும் சர்ச் முடிந்ததும் எலெக்ட்ரிக் ட்ரெயின் பிடித்துக் கோடம்பாக்கம் போவேன்.

கூட்டிப்போனவர் கோபாலன் சார். சேலையூரில் எங்கள் தெருக்காரர். மாத நாவல்களில் ரோபோ கதை எழுதுவார், டப்பிங் படங்களுக்கு வசனமும் எழுதுவார். சர்ச் ஒலிபெருக்கியில் நான் வேதாகமம் வாசிப்பது அவர் வீடு வரை கேட்குமாம். அப்படித்தான் என்னைப் பிடித்தார்.

2. எதிர்காலத்தில் ஒரு பெண்

ரோபோ படங்களுக்கு அப்போது நல்ல கிராக்கி. விநியோகஸ்தர் தனபால் சார் ஒரு படத்தை மலிவாக வாங்கி வந்தார். வரப்போகும் காலத்தில் ஒரு நகரம். ஆட்சி செய்வது ஒரு மெஷின். சத்தமாகப் பேச அனுமதி வேண்டும், அழ அனுமதி வேண்டும். கதையைச் சொல்லிவிட்டு, எப்படிப்பட்ட கற்பனை பாரும்மா என்றார் கோபாலன் சார். எங்கள் கம்பெனியில் பாத்ரூம் போக டோக்கன் வாங்க வேண்டும். லைனுக்கு ஒரு டோக்கன்தான். 

ஹீரோயினுக்குப் பேச வேண்டிய அம்மாவுக்குத் தொண்டை கட்டிவிட்டது. தனபால் சார் சுற்றிலும் பார்த்து என்னைக் காட்டினார்.

"இந்தப் பொண்ணு நல்லா சாவுது. பேசவும் பேசும். போடு."

டப்பிங்கில் படத்தைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் திரும்பத் திரும்ப ஓட்டுவார்கள். அந்தத் துண்டுதான் லூப். உதட்டசைவோடு வசனம் பொருந்தினால் 'லிப் உட்கார்ந்தது' என்பார்கள். கடைசி ரீல் வரை எல்லாம் உட்கார்ந்தது.

கடைசி ரீலில் ஹீரோயின் பிடிபட்டு மெஷின் முன்னால் நிற்கிறாள். ஊர் முழுக்கத் திரையில் அவளையே பார்க்கிறது. அவள் மன்னிப்பு கேட்கிறாள். படம் அதோடு முடிகிறது. தனபால் சாருக்கு இது பிடிக்கவில்லை. ஹீரோயின் தோற்றால் தியேட்டரில் ஜனங்கள் சீட்டைக் கிழித்துவிடுவார்கள், வசனத்தை மாற்று என்றார். கோபாலன் சாரும் மாற்றினார்: 'நாளைக்கே உன்னைக் கொளுத்துவேன்.' லிப் அழகாக உட்கார்ந்தது. பேசினேன். கேட்டுப் பார்த்தால் பக்கத்து அறையிலிருந்து வேறு யாரோ பேசுவது போல இருந்தது. மறுபடி பேசினேன். கோபத்தைக் கூட்டச் சொன்னார்கள், கூட்டினேன். இன்னும் மோசமானது.

தனபால் சாருக்கு அலுத்துவிட்டது. "இன்னாமா எஸ்தர், பேஜார் பண்றியே. லிப்பு உக்காந்துகினு கீது, அப்புறம் இன்னா?"

"அது மன்னிப்பு கேக்குற மூஞ்சி சார். பாருங்க, கீழ் உதட்டை உள்ள இழுத்துக்கிறா. திட்டப்போறவ அப்படிப் பண்ணமாட்டா."

"உனக்கு எப்படித் தெரியும்?"

சொன்னேன். போன மாதம் ஒரு போர்டில் பாகத்தைத் திருப்பி வைத்துவிட்டேன். சூப்பர்வைசர் லைனை நிறுத்தி, எல்லோரையும் நிமிர்ந்து என்னைப் பார்க்கச் சொன்னார். நடுவில் நின்று, தப்பு என்னுடையது, திருத்தியதற்கு நன்றி என்று நான் சொல்ல வேண்டும். கம்பெனியில் அது வழக்கம். சொன்னேன். போய் உட்கார்ந்து சால்டரிங்கைத் தொடர்ந்தேன்.

 சவுண்ட் இன்ஜினியர் எதையோ திருகிக்கொண்டிருந்தார். கோபாலன் சார் தன் வசனத்தைப் பேனாவால் அடித்தார்.

"எடு," என்றார் தனபால் சார். "படம் ஊத்திக்கினா உன் தலைலதான்."

அன்று சூப்பர்வைசரிடம் சொன்னதையே மைக்கில் சொன்னேன். ஒரே டேக்.

3. மேட்னி

படம் தாம்பரத்திலும் வந்தது. டப்பிங் இல்லாத ஒரு ஞாயிறு, எங்கள் லைன் பெண்களோடு மேட்னிக்குப் போனேன். என் பக்கத்தில் பீர்க்கன்கரணை விமலா. லைனிலும் அவளுக்கு என் பக்கத்து சீட்தான். பாதிப் படம் வரை என் குரல் வரும்போதெல்லாம் தொடையைக் கிள்ளிச் சிரித்தாள். கடைசிக் காட்சியில் சிரிக்கவில்லை. வெளியே வந்து பஸ் ஸ்டாண்டு வரை என்னோடு நடந்தாள். பிறகு சொன்னாள்.

"அன்னிக்கு உன்ன நிமிந்து பாக்கச் சொன்னாங்க, பாத்தேன். பாத்திருக்கக் கூடாதுடி."

படம் ஒரு வாரம்தான் ஓடியது. ஊத்திக்கிச்சு, ஆனா கடைசி சீன்ல எவனும் எழுந்து போவல என்று தனபால் சார் ஆள் விட்டுச் சொல்லியனுப்பினார். அடுத்த ரோபோ படத்துக்கும் என்னையே போட்டார்.

அந்தப் படம் பார்த்து எங்கள் கம்பெனியில் புரட்சி வெடித்தது என்று எழுத ஆசைதான். அப்படி ஒன்றும் வெடிக்கவில்லை. கொஞ்ச நாள் கழித்து, புதிதாகச் சேர்ந்த ஜெயா என்ற பெண் இரண்டு போர்டுகளைக் கருக்கிவிட்டாள். லைன் நின்றது. சூப்பர்வைசர் அவளை நடுவில் நிறுத்தி, எல்லோரும் நிமிர்ந்து பாருங்கள் என்றார். விமலா குனிந்தபடியே இருந்தாள். நானும் குனிந்திருந்தேன். எதிர் வரிசையும் குனிந்தே இருந்தது. அவர் மறுபடி சொன்னார், பெயர் சொல்லியும் கூப்பிட்டார். யாரும் நிமிரவில்லை, யாரும் ஒரு வார்த்தை பேசவுமில்லை. பார்க்க ஆளில்லாமல் எதைச் சொல்லவைப்பது என்று அவருக்கே தெரியவில்லை போலிருக்கிறது. ஜெயாவைப் போய் உட்காரச் சொன்னார். அதற்குப் பிறகு யாரையும் அப்படி நிறுத்தியதாக எனக்கு நினைவில்லை.

டப்பிங்குக்குப் புதிதாக வருபவர்கள் உதட்டைப் பார்த்துப் பேசக் கற்றுக்கொள்கிறார்கள். அது சீக்கிரம் வந்துவிடும். திரையில் இருப்பவளை யார் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதையும் பாருங்கள். குரலில் பாதி அங்கிருந்துதான் வருகிறது.