குளிர்காற்றுக்கு வேறு ஜெட்

லரூ ஹாட்லாக் பொய் பேசமாட்டாள் என்று அந்த மணல்மேட்டு வட்டாரத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். இஞ்சின் விஷயம் மட்டும் கணக்கில் சேராது. வாரநாட்களில் பள்ளிப் பேருந்து ஓட்டுவாள். ஞாயிறு காலை தேவாலயத்தில் குழந்தைகளுக்குப் பாடம் எடுப்பாள். சனிக்கிழமை மணலில் நின்றபடி, "கார்புரேட்டர்ல என்ன ஜெட் போட்டிருக்கே?" என்று எவனாவது கேட்டால், கண்ணைக்கூடச் சிமிட்டாமல் தப்பான நம்பரைச் சொல்வாள். அதை அங்கே யாரும் பாவமென்று நினைப்பதில்லை. நம்பரை உள்ளபடி சொல்கிறவனைத்தான் கொஞ்சம் புத்தி மட்டு என்று நினைப்பார்கள்.

ஜெட் என்பது சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு பித்தளைத் துண்டு. நடுவில் ஊசித்துளை. இஞ்சினுக்கு எவ்வளவு பெட்ரோல் போக வேண்டும் என்பதை அந்தத் துளைதான் தீர்மானிக்கிறது. துளை பெரிசானால் வண்டி இருமும், சிறிசானால் எரியும்.

லரூவுக்கு ஒட்டடைக்குச்சி உடம்பு, ஊரைக் கூட்டும் குரல். வீட்டுக் கொட்டகையில் துணி துவைக்கும் இயந்திரத்துக்கும் மான்கறி அடைத்த குளிர்பெட்டிக்கும் நடுவே ஒரு மேசை. அதில் நாலு சக்கரப் பந்தய வண்டிகளின் டூ ஸ்ட்ரோக் சிலிண்டர்களைக் கவ்வி வைத்துக்கொண்டு, உள்சுவரில் இருக்கும் வாசல்களைச் சின்னச் சாணைக்கல்லால் மயிரிழை மயிரிழையாகச் செதுக்குவாள். பெட்ரோல் கலந்த காற்று உள்ளே வருவதும் புகை வெளியே போவதும் அந்த வாசல்கள் வழியாகத்தான். பிஸ்டன் மேல் ஈயக்கம்பித் துண்டை வைத்து, மூடியை மாட்டி இஞ்சினைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றி, அது நசுங்கி வந்த கனத்தை அளந்து பார்த்துவிட்டுத்தான் மேல்மூடியைக் கடைசியாக இறுக்குவாள். பெட்ரோலில் கலப்பது விளக்கெண்ணெய். அவள் ஓட்டிப் பார்க்கிற நாளில் பக்கத்து வீட்டுக்காரி கொடியில் துணி காயப் போடுவதில்லை.

"நான் செதுக்கின சிலிண்டரைக் கண்டா மேடே குனிஞ்சு வழிவிடும்" என்பாள். தற்பெருமைக்காரர்களைச் சகிப்பது கஷ்டம்தான். ஆனால் சொன்னதைச் செய்துகாட்டுகிறவளை என்ன செய்வது? பெரிய மேட்டில் ஆண்டுதோறும் நடக்கும் ஏற்றப் பந்தயத்தில் ஒன்பது வருடங்களாக அவளை ஒருவரும் ஜெயிக்கவில்லை. இஞ்சினைக் கட்டுவதும் அவளே, ஓட்டுவதும் அவளே. பத்தாவது வருடக் கோப்பைக்கு அலமாரியில் இடம்கூட ஒதுக்கி வைத்திருந்தாள்.

அவளுக்கு வாய்த்த ஒரே எதிரி சொந்தத் தம்பி டிலாய். உருளைக்கிழங்கு ஆலையில் வெல்டர். அவனும் இஞ்சின் கட்டுகிறவன், அவன் வண்டியை ஓட்டுவது மகள் ப்ரின்லி. போன கோடையில் ஒரு ஞாயிறு, அம்மா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பாலாடைக்கட்டி போட்ட உருளைக்கிழங்கைப் பரிமாறும்போது, தம்பி பேச்சுவாக்கில் ஜெட் நம்பரைக் கேட்டான். அக்காள் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமையாயிற்றே என்று இந்த அப்பாவியும் நம்பித் தொலைத்தான். மறுநாள் ஓட்டிப் பார்த்ததில் பிஸ்டன் ஓட்டையாகிவிட்டது. அடுத்த ஞாயிறு அந்தப் பிஸ்டனைக் கொண்டுவந்து கிழங்குப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் வைத்தான். குடும்பமே விழுந்து விழுந்து சிரித்தது. அன்றிலிருந்து அக்காள் உப்பு இருக்கிறதென்று சொன்னாலும் ஒரு கிள்ளு வாயில் போட்டுப் பார்த்துத்தான் நம்புவான்.

இந்த வருடப் பந்தயம் ஜூலைக் கடைசியில், மணல் செருப்பைச் சுடுகிற வெயிலில் நடந்தது. மாலைக்குள் மற்ற எல்லோரும் தோற்று விலகி, அத்தையும் மருமகளும் மட்டும் மிஞ்சினார்கள். அப்போது பார்த்து மேற்கே இருந்து மழை அடித்துக்கொண்டு வந்தது. எல்லோரும் தார்ப்பாய்க்குள் ஓடினார்கள். மழை நின்றபோது காற்று சில்லென்று மாறியிருந்தது, ஆட்கள் மேல்சட்டையைத் தேடினார்கள்.

குளிர்ந்த காற்று கனமானது. இஞ்சினுக்குள் காற்று கூடினால் பெட்ரோலும் கூட வேண்டும். கூடாவிட்டால் உள்ளே சூடு ஏறி, பிஸ்டன் வீங்கிச் சிலிண்டரைக் கவ்விக்கொள்ளும். அதுவும் செங்குத்து மேட்டில் முழு வேகத்தில் நடந்தால், பின் சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டியே ஆளின் மேல் புரளும். லரூ மழைக்குள்ளேயே, துண்டைப் போர்த்தி மறைத்துக்கொண்டு, தன்னிடமிருந்த ஒரே பெரிய ஜெட் ஜோடியை, வண்டியின் இரண்டு கார்புரேட்டருக்கும் ஒவ்வொன்றாக, மாட்டிவிட்டாள்.

"வாங்கப்பா, வாங்க!" என்று பந்தயம் நடத்துகிற கோர்டன் ஒலிபெருக்கியில் கத்தினார். "இருட்டறதுக்குள்ள முடிக்கணும். நாளைக்கு ஞாயித்துக்கிழமை, உங்கள்ல பாதிப் பேர் வண்டியைத் தொடமாட்டீங்க. நான் கொடி தூக்கும்போது கோட்டுல இல்லாதவங்க தோத்தவங்க!"

லரூ வண்டியைக் கோட்டுக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது டிலாய் தன் இஞ்சினை முறுக்கினான். அந்தச் சத்தத்தைக் கேட்டதும் அவள் கால் நின்றுவிட்டது. காய்ந்த சுள்ளி முறிகிற மாதிரி, ஈரமே இல்லாத சத்தம். வெயிலுக்குப் போட்ட ஜெட் அப்படியே இருந்தது. வண்டிமேல் ப்ரின்லி தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"டேய் டிலாய், அணைடா அதை. நீ ஜெட் மாத்தலையா?"

"வந்துட்டாங்கய்யா வாத்தியாரம்மா. கிழங்கு ஒண்ணும் கொண்டு வரலையா இன்னைக்கு?"

"விளையாடாதே. காத்து மாறிப்போச்சு. சத்தம் காயுது, உன் காதுல விழல?"

"விழுது விழுது. ஒம்போது வருஷமா ஜெயிச்சவங்களுக்கு வயித்தைக் கலக்குற சத்தம் நல்லாவே விழுது."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ப்ரின்லி கவசத்துக்குள்ளிருந்து, "அத்தை, போன வருஷமும் இதே மூஞ்சியை வெச்சுக்கிட்டுத்தான் அப்பாகிட்ட சொன்னீங்க!" என்றாள்.

"அம்மா மேல சத்தியமா சொல்றேன்டா."

"போன வருஷம் சொல்லும்போது அம்மா பக்கத்துலதான் உக்காந்திருந்தாங்க."

புலி வருது புலி வருது என்று கத்தினவன் கதைதான். நிஜப் புலி வந்து நிற்கிறது, ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவளுக்குக் கோபம் தம்பிமேல் வந்தது, அப்புறம் தன் வாய்மேல் வந்தது. இனி அந்த வாயால் ஒன்றும் ஆகாது. விறுவிறுவென்று தன் வண்டிக்குப் போனாள். ஈர மணலில் மல்லாந்து படுத்து, எல்லோரும் பார்க்க, இரண்டு கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தையும் கழற்றினாள்.

சிரிப்பு நின்றுவிட்டது. பந்தயத் திடலில் எவரும் கார்புரேட்டரைப் பிறர் கண்ணெதிரே திறப்பதில்லை. சட்டையைக் கழற்றினாலும் கழற்றுவார்கள், அதைச் செய்யமாட்டார்கள். பெட்ரோல் மணிக்கட்டு வழியாக ஒழுகிச் சட்டைக்கையை நனைத்தது. இரண்டு ஜெட்டையும் எடுத்துக்கொண்டு வந்து தம்பியின் உள்ளங்கையில் வைத்தாள்.

டிலாய் அதைக் கண்ணருகே கொண்டுபோய் நம்பரைப் பார்த்தான். இஞ்சினை அணைத்தான்.

"நிஜமாவே இதையா போட்டிருந்தே?"

"பெட்ரோல் இன்னும் சொட்டுது பாரு."

"என்கிட்ட இவ்வளவு பெரிசு இல்லையேக்கா. குளிர்கால டப்பாவை வீட்டுல வெச்சுட்டு வந்துட்டேன்."

"தெரிஞ்சுதான் கொண்டாந்தேன், மரமண்டை. மாட்டு."

"அப்போ நீ?"

"இருக்கறது ஒரு ஜோடி. மத்தது எல்லாம் வெயிலுக்குப் போடறது. வாயைப் பாக்காம மாட்டுடா, கொடியைத் தூக்கப் போறாரு."

இருவரும் குனிந்தார்கள். அவள் திருகாணிகளைப் பல்லில் கடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்க, அவன் முடுக்கினான். கொடி ஏறியபோது ப்ரின்லியின் வண்டி கோட்டில் நின்றது. லரூவின் வண்டி வயிறு திறந்தபடி மணலில் தனியாகக் கிடந்தது. பத்தாவது வருடம் அங்கேயே முடிந்தது.

ப்ரின்லி தனியாகத்தான் ஏறினாள். ஆனால் என்ன ஏற்றம் அது! சத்தம் இப்போது கெட்டியாக, வழவழவென்று வந்தது. வண்டி ஓரிடத்தில்கூடத் திணறவில்லை, ஈர மணலைப் பிய்த்தெறிந்துகொண்டு உச்சியைத் தாண்டி மறைந்தது. பிள்ளை முழுசாக மேலே போய்விட்டாள் என்று லரூவுக்கு நிம்மதி. பிறகு நேரம் காட்டும் பலகையைப் பார்த்தாள். பார்த்தபடியே நின்றாள்.

ஆட்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். "லரூ, கைக்கு வந்த கோப்பையைத் தூக்கிக் கொடுத்துட்டியே, உனக்குத் தங்க மனசு!" "நீ ஏறியிருந்தா அந்தப் பொண்ணு உன் புழுதியைத்தான் தின்னிருக்கும்!" டிலாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தான். "அக்கா, இந்தக் கோப்பை உன்னோடதுதான். நீ ஓட்டியிருந்தா நீதான் ஜெயிச்சிருப்பே. ஊருக்கே தெரியும்."

ஆமாம் என்று தலையாட்டினால் போதும். தோற்காதவள் என்ற பெயர் சாகும்வரை அவளோடு இருக்கும், மேலே தியாகி என்ற பட்டமும் சேரும். மறுப்பார் யாருமில்லை. தன் இஞ்சின் அந்தக் குளிரில் எவ்வளவு ஓடும் என்று அறிந்தவள் உலகத்திலேயே அவள் ஒருத்திதான். தலையாட்ட அவளுக்கு ஆசையாகவும் இருந்தது.

"இல்லடா" என்றாள்.

"என்ன இல்ல?"

"பலகையைப் பாரு. குளிர்காத்து என் வண்டிக்கு எவ்வளவு வேகம் கொடுத்திருக்கும்னு கூட்டிப் பாத்துட்டேன். அந்த நேரத்தை நான் தொட்டிருக்கவே மாட்டேன். நீ என்னைத் தோக்கடிச்சிருப்பே."

ஒருவன் சிரிக்கப் பார்த்தான். அவள் முகத்தைக் கண்டதும் அடங்கிவிட்டான்.

டிலாய் கூட்டத்தைப் பற்றிக் கவலைப்படாமல், ஈர மணலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தன் சிலிண்டரில் புகை வெளியேறும் வாசலை எப்படிச் செதுக்கினான் என்று விரலால் வரைந்து காட்டினான். மேல் விளிம்பு எவ்வளவு, மூலையின் வளைவு எவ்வளவு, எல்லாம் உள்ளபடி.

லரூ முட்டி போட்டு உட்கார்ந்து கண்கொட்டாமல் பார்த்தாள்.

"இந்த மூலையை இப்படித் திருப்பலாம்னு எனக்குத் தோணவே இல்லையேடா" என்றாள்.