உள்ளங்கை எந்தப் பக்கம்

லெஸ்டர் பகோல்ஸ்கிக்கு ஓர் இடத்தில் உட்கார வராது. சிகாகோவின் மக்காச்சோளச் சந்தைக் களத்தில் நின்றே பிழைத்தவன். அங்கே வியாபாரம் எல்லாம் கைஜாடையில்தான்: தூக்கிய கையின் உள்ளங்கை தன் பக்கம் இருந்தால் வாங்குகிறான், வெளிப்பக்கம் இருந்தால் விற்கிறான். அந்தக் கூச்சலில் வாய்ப்பேச்சை எவன் கேட்பான்? நான் அவனுடைய குமாஸ்தா. அவன் கையைப் பார்த்துத்தான் என் பிழைப்பும் ஓடியது. களத்தை மூடிவிட்டு எல்லாம் கம்ப்யூட்டருக்குப் போனதும் நான் லாரி ஓட்டப் போய்விட்டேன். அவன் வீட்டு நிலவறையில் குறுக்கும் நெடுக்கும் நடந்தபடியே, தானாக வாங்கி விற்கும் ஒரு புரோகிராமை எழுதினான்.

அவன் மனைவி மார்செலா சில வருஷம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு ஒரு நிபந்தனை போட்டாள். அவன் சொல்லாததை அது ஒரு தடவை செய்தாலும் அணைத்துவிட்டு, ஸ்கூல் பஸ் ஓட்டப் போய்விட வேண்டும். அவனும் ஒத்துக்கொண்டான். இதற்குச் சாட்சி நான். எனக்குத் தேவையா இது?

நிஜச் சந்தையில் அதை ஓடவிட்ட முதல் காலை, மாட்டிறைச்சி சாண்ட்விச் வாங்கிக்கொண்டு போனேன்.

"உக்காருடா. உன்னப் பாத்தா எனக்குத் தலை சுத்துது."

"நீ சாப்பிடு. நான் நடந்துக்கிட்டே பாத்துக்கறேன்."

புரோகிராம் முதலில் விற்றது. கையில் இல்லாததை விற்றுவிட்டு, விலை இறங்கியதும் வாங்கிக் கணக்கை முடிப்பது எங்கள் தொழிலில் சகஜம். விலை இறங்கியது, வாங்கியது, கணக்கு முடிந்தது. அத்தோடு சும்மா இருக்க வேண்டிய சனியன், கொஞ்ச நேரத்தில் மறுபடி விற்றது.

"நீயா வித்த?"

"நான் எங்கடா தொட்டேன்? பாத்துக்கிட்டுதானே இருக்க."

விலை இன்னும் சரிந்தது. திரையில் லாபம் பச்சையாக ஏறியது. லெஸ்டர் அதைப் பார்க்கவே இல்லை. தான் எழுதியதை விரல் வைத்து வரி வரியாகத் தேடினான். எதையாவது வாங்கினால் நஷ்டம் பெருகாமல் இருக்க உடனே கொஞ்சம் கீழே ஒரு காவல் விலை வைத்து, விலை அங்கே விழுந்தால் விற்றுவிடு என்று எழுதியிருந்தான். புதிதாக வாங்கினால் அது சரி. இது பழைய விற்பனையை முடிக்க வாங்கியது. கையில் ஒன்றுமில்லாத இடத்தில் காவல் வைத்து, இல்லாததை விற்றிருக்கிறது.

"ஒரு ஆர்டர் வாங்குறதா விக்கிறதாங்கிறத மட்டும்தான் சொல்லும். புதுக் கணக்க ஆரம்பிக்கிறதா பழச முடிக்கிறதான்னு சொல்லாது. கையில என்ன இருக்குன்னு நான்தான் தனியா கேட்டிருக்கணும்."

"களத்துல மட்டும் உன் கை அதச் சொல்லிச்சா? அதெல்லாம் உன் தலைக்குள்ளதான இருந்துச்சு."

"ஆமாடா. தலைய எழுத மறந்துட்டேன்."

முதலில் புரோகிராமை நிறுத்தினான். இல்லாவிட்டால் அடுத்த வாங்கலுக்கும் ஒரு காவல் வைத்துத் தொலைக்கும். பிறகு தன் கையாலேயே வாங்கிக் கணக்கை முடித்தான். லாபம் அப்படியே நின்றது. படியில் காலடிச் சத்தம் கேட்டது.

"ரெண்டு வரி மாத்துனா போதும்டா" என்றான்.

"அப்ப வாய மூடிக்கிட்டு மாத்து."

மார்செலா பச்சை எண்ணைப் பார்த்தாள். "பரவாயில்லையே. சொன்னபடி கேக்குதா?"

லெஸ்டர் என்னைப் பார்த்தான். நான் சாண்ட்விச்சைப் பார்த்தேன். அவன் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான்.

"இல்ல மார்சி. நான் சொல்லாதத செஞ்சிடுச்சு. லாபம் வந்தது குருட்டு அதிர்ஷ்டம்."

"சொல்லாமலே இருந்திருக்கலாம் நீ."

"இருந்திருக்கலாம்."

அவள் அவன் தோளில் கொஞ்ச நேரம் கையை வைத்திருந்தாள். "பஸ் கம்பெனி நம்பர் பிரிட்ஜ்ல ஒட்டியிருக்கு" என்று சொல்லிவிட்டு மேலே போனாள். எனக்கு இரண்டு பேர் மேலும் கோபம் கோபமாக வந்தது.

இப்போதும் சில காலைகளில் என் லாரி அவன் மஞ்சள் பஸ்ஸுக்குப் பின்னால் மாட்டிக்கொள்ளும். தெருவைக் கடக்க வேண்டிய பிள்ளைகள் ஓரத்தில் நின்று, களத்தில் நான் பார்த்த மாதிரியே அவன் கையைப் பார்ப்பார்கள். உள்ளங்கை வெளிப்பக்கம் இருந்தால் நிற்க வேண்டும். இரண்டு பக்கமும் பார்த்து, எத்தனை பேர் ஏறியாயிற்று, எத்தனை பேர் பாக்கி என்று தலையை எண்ணிய பிறகுதான் அதைத் தன் பக்கம் திருப்புவான். கடைசிப் பிள்ளை ஏறி அமரும்வரை அந்தக் கை இறங்காது. அவன் உட்கார்ந்துதான் இருக்கிறான்.