மாமாவின் குரல் மேல் போட்ட பாட்டு

சி.டி. உறையின் மேல் ஸ்டூடியோக்காரரின் சாய்ந்த கையெழுத்தில் ‘மலேசியா, பாட்டுடன்’ என்று எழுதியிருக்கிறது. ‘சிங்கப்பூர், பாட்டுடன்’, ‘பாங்காக், பாட்டுடன்’ என்று ஒன்பது உறைகள். அந்தப் ‘பாட்டுடன்’ என்ற சொல்லை எழுதச் சொன்னவள் நான்தான். அன்றைக்கு அதைப் படித்தபோது எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது. இப்போது பீரோவைத் திறந்தால் முதலில் அந்த உறைகளைப் புடவைக்கு அடியில் தள்ளிவிட்டுத்தான் வேறு எதையும் எடுக்கிறேன்.

அக்கா வீட்டுக்காரரை நான் மாமா என்று கூப்பிடுவேன். லிஃப்ட் பொருத்தும் வேலை அவருக்கு. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்னக் கம்பெனியில் தொழில் பழகி, காண்டிராக்டில் வெளிநாடு போனவர். ஒரு ஊரில் கட்டடம் எழும்பினால் அங்கே ஆறு மாதம், எட்டு மாதம். முடிந்ததும் இன்னொரு ஊர். சிங்கப்பூரில் முதல் சம்பளம் வாங்கியதும் அவர் வாங்கியது ஒரு கேமரா. கடிதம் எழுத அவருக்கு வராது. போனில் பேசினால் கார்டு தீர்ந்துவிடும் என்ற அவசரத்தில் இரண்டு பக்கமும் ‘ஹலோ, ஹலோ’ என்பதிலேயே பாதி நேரம் போகும். அதனால் படம் எடுத்து, பெரிய கேசட்டில் பதிந்து, லீவில் ஊருக்கு வரும் யாரிடமாவது கொடுத்தனுப்புவார். கேசட் வந்த அன்று ஆவடி பக்கம் பருத்திப்பட்டில் எங்கள் வீட்டில் அடுப்பு எரியாது. ஓட்டல் இட்லிதான்.

படத்தில் அவர் இருக்க மாட்டார். கேமராவைப் பிடித்திருப்பவர் அவர்தானே. நமக்குக் கிடைப்பது அவர் பார்த்ததும் அவர் பேசியதும் மட்டும். பாங்காக்கில் படகில் வாழைப்பழம் விற்கிற கிழவி, மணிலாவில் ஜீப் மாதிரி நீண்ட வண்டியில் தொற்றிக்கொண்டு போகும் பள்ளிக்கூடப் பிள்ளைகள், மலேசியாவில் முருகன் கோயிலுக்கு ஏறும் படிக்கட்டில் குரங்கு, அவர் தங்கியிருந்த அறையின் இரண்டடுக்குக் கட்டில், அதில் காயும் கைலி. எல்லாவற்றுக்கும் பேச்சு உண்டு. வாய் ஓயாத மனுஷர். “தோ பாரு, இந்தக் கெயவி இன்னா அழகா எண்ணுது பாரு, நம்மூரு சந்தையில குந்த வச்சா ஒருத்தனும் ஏமாத்த முடியாது” என்பார். “இரு இரு, லிஃப்டு தொறக்குது, உள்ள வா” என்று நம்மையும் கூட்டிக்கொண்டு போவார். கதவு மூடும்போது, “மச்சினிச்சி கை ஜாக்கிரத, அது பயந்துகினே நடுவுல நிக்கும்” என்று என்னையும் வம்புக்கு இழுப்பார்.

நடுநடுவே கேள்வி கேட்பார். கேட்டுவிட்டுச் சும்மா இருப்பார். எதிரில் நாம் உட்கார்ந்து பதில் சொல்கிற மாதிரி, அதற்கான நேரத்தை விட்டுவிட்டுப் பிறகுதான் அடுத்ததுக்குப் போவார். அக்காவும் அந்த இடைவெளியில் டி.வி.யைப் பார்த்து வாய்விட்டுப் பதில் சொல்வாள். பக்கத்து வீட்டு அம்மா ஒருமுறை எட்டிப் பார்த்து, “இன்னாம்மே, பொட்டியாண்ட குடும்பம் நடத்திகினு கீற?” என்று சிரித்தாள். அக்கா அசரவில்லை. “உன் ஊட்டுக்காரு பக்கத்துலயே கீறாரு, ஒரு வார்த்த பேசறாரா?” என்றாள்.

நான் அறையில் உட்கார்ந்து முழுதாகப் பார்த்ததில்லை. அவர் இருபதாவது மாடி மொட்டைமாடியின் விளிம்புக்குப் போனால் எனக்குக் கை கால் குளிர்ந்துவிடும். பதிந்து முடித்து, கேசட் கப்பல் மாதிரி ஊர் ஊராய் வந்து சேர்ந்த பிறகுதான் பார்க்கிறோம், அவர் விழவில்லை என்று தெரியும், இருந்தாலும் பயம். எழுந்து சமையல்கட்டுக்குப் போய்விடுவேன். எனக்கு எல்லாவற்றுக்கும் பயம்தான். எட்டாவதில் பெரிய பரீட்சைக்கு முந்தின நாள் காய்ச்சல் வந்து படுத்தவள், பிறகு பள்ளிக்கூடம் போகவில்லை. துணி எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டைப் பட்டனுக்குக் காஜா எடுக்கும் மிஷினில் உட்கார்ந்தேன். கேஸ் மூடியிருக்கிறதா என்று மூன்று முறை பார்த்துவிட்டு ஆவடி ஸ்டேஷன் வரை போய், நான்காவது முறை பார்க்கத் திரும்பி வந்த நாட்கள் உண்டு.

மாமா லீவில் வந்தபோது ஒரு காய்ச்சலில் போய்விட்டார். படுத்தவர் ஒன்பதாம் நாள் எழுந்திருக்கவில்லை. அக்கா மகளுக்கு அப்போது இரண்டு வயது. அதற்குப் பிறகு அக்கா கேசட் போடும் டெக்கைத் தொடவில்லை. அதன் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடினாள். நான் கேட்கவில்லை. பார்க்கிற தைரியம் வரும்போது பார்ப்பாள் என்று விட்டுவிட்டேன்.

அந்த வருஷம் மழையில் எங்கள் தெருவில் தண்ணீர் ஏறி, வீட்டுக்குள் முழங்கால் வரை வந்தது. கேசட்டுகள் மேல் பரணில் இருந்ததால் தப்பின. ஆனால் எனக்குத் தூக்கம் போய்விட்டது. ஈரத்தில் கேசட்டுக்குப் பூஞ்சை பிடிக்கும், ஒன்றுக்குப் பிடித்தால் மற்றதுக்கும் ஏறும் என்று கம்பெனியில் ஒருத்தி சொல்லிவைத்தாள். தினமும் பரணில் ஏறி முகர்ந்து பார்ப்பேன். கடைசியில் அக்காவிடம் சொல்லாமல், வருஷ திதிக்குள் எல்லாவற்றையும் சி.டி.யாக மாற்றி அவள் கையில் கொடுத்துவிட வேண்டும் என்று, பையில் போட்டு எடுத்துக்கொண்டு ஆவடி மார்க்கெட் பக்கம் இருந்த ஒரு ஸ்டூடியோவுக்குப் போனேன்.

அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் இருந்தது. கல்யாணமோ காதுகுத்தோ வளைகாப்போ, எந்த வீடியோவாக இருந்தாலும் எடுத்த சத்தத்தை அப்படியே விட மாட்டார்கள். பந்தி இரைச்சல், மைக் ஊளை, யாரோ யாரையோ கூப்பிடுவது, இதையெல்லாம் துடைத்துவிட்டு சினிமாப் பாட்டைப் போடுவார்கள். பெண் நடந்து வந்தால் ஒரு பாட்டு, தாலி ஏறினால் ஒரு பாட்டு. பாட்டுப் போடாத வீடியோ என்றால் வேலை முடியாத வீடியோ என்று அர்த்தம். ஸ்டூடியோக்காரர் கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே கேட்டார்: “ஒரிஜினல் சவுண்டு ஒரே இரைச்சலா கீதுக்கா. எடுத்துட்டு பாட்டு போட்டுடலாமா?” எனக்குக் காற்றுச் சத்தமும் கட்டடத்தில் துளை போடுகிற சத்தமும்தான் ஞாபகத்துக்கு வந்தன. அவ்வளவு மிஷின்களுக்கு நடுவில், ஒன்றும் தெரியாதவள் மாதிரி தெரியக் கூடாது என்ற வெட்கமும் இருந்தது. “போட்டுடுங்க” என்றேன்.

போடச் சொன்னதோடு நிற்கவில்லை. மூன்று நாள் வேலை விட்டு வந்து, அவர் கொடுத்த பட்டியலை வைத்துக்கொண்டு நானே பாட்டுத் தேர்ந்தெடுத்தேன். கடல் வருகிற இடத்துக்கு ஒரு கடல் பாட்டு. மணிலா மழைக்கு ஒரு மழைப் பாட்டு. முருகன் கோயில் படிக்கு பக்திப் பாட்டு. எதற்கும் பயப்படுகிற எனக்கு அந்த மூன்று நாளும் பயமே இல்லை. கடைசி நாள் அவர், “பழைய கேசட்ட வச்சிகினு இன்னா பண்ணப் போறீங்க, பூஞ்சைதான் புடிக்கும். நாங்கன்னா தொடச்சி கல்யாணத்துக்கு எடுத்துக்குவோம்” என்றார். பூஞ்சை என்ற சொல் காதில் விழுந்ததும் பையை அவர் மேசையில் கவிழ்த்துவிட்டேன்.

திதி முடிந்து, வந்தவர்கள் போன பிறகு, அக்காவை உட்காரவைத்து சி.டி.யைப் போட்டேன். குழந்தை அவள் மடியில். படம் வந்தது, பாட்டும் வந்தது. அக்கா லேசாகச் சிரித்தாள். பாங்காக் கிழவி வந்தாள், வாழைப்பழம் எண்ணினாள், பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அக்கா முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கியபோது என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

“ஏன்டி, பாட்டு எப்போ முடியும்?”

“இன்னும் நெறைய இருக்குக்கா” என்றேன்.

“அவுரு பேசறது எப்போ வரும்?”

அந்த நொடியில்தான் எனக்குப் புரிந்தது. செருப்புக்கூடப் போடாமல் ஸ்டூடியோவுக்கு ஓடினேன். “அது எப்பவோ அழிச்சாச்சுக்கா, போன முகூர்த்தத்துக்கே எல்லாம் போச்சு” என்றார் அவர். என் முகத்தைப் பார்த்து அவரும் பயந்துவிட்டார். “நீங்கதானேக்கா சரின்னு குடுத்துட்டுப் போனீங்க?” அவர் மேல் தப்பில்லை. பூந்தமல்லியிலோ நசரத்பேட்டையிலோ யாரோ ஒருவர் வீட்டு அலமாரியில், அவர்களுடைய கல்யாணத்துக்கு அடியில், மாமாவின் பேச்சு அழிந்து கிடந்தது.

திரும்பி வந்தபோது டி.வி. அணைந்திருந்தது. அக்கா குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். திட்டுவாள், அடிப்பாள் என்று வாசலிலேயே நின்றேன். “கால கழுவிகினு உள்ள வா” என்றாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒரே வீட்டில் பல வருஷம் இருந்தோம். ஒரு நாளும் அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. மாமாவைப் பற்றியே அவள் பேசுவது குறைந்துபோனது. அவரைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் அவர் பேச்சைச் சொல்ல வேண்டும். அதைச் சொன்னால் நான் செய்தது நடுவில் வந்து நிற்கும். எனக்காகத்தான் அவள் வாயை மூடிக்கொண்டாள் என்று நினைக்கிறேன். மூன்று வருஷத்துக்கு முன்னால் அக்காவும் போய்விட்டாள்.

இப்போது வீட்டில் நான் மட்டும். சுற்றிலும் அடுக்குமாடிகள் வந்துவிட்டன. சாயங்காலம் ஏரிக்கரையில் நடக்கிறவர்கள் எல்லோரும் காதில் ஏதாவது மாட்டிக்கொண்டு நடக்கிறார்கள். அக்கா மகள் ஐ.டி. வேலையில் சிங்கப்பூரில் இருக்கிறாள். போகுமுன் அந்த சி.டி.க்களை எல்லாம் தன் போனில் ஏற்றிக்கொண்டு போனாள். அப்பா நின்ற இடங்களில் எல்லாம் தானும் நின்று ஒரு வீடியோ எடுக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. லீவு கிடைக்கும்போது ஒவ்வொரு ஊராகப் போகிறாள். போன மாதம் பாங்காக்கிலிருந்து கூப்பிட்டாள்.

“சித்தி, ஒண்ணு கேக்கணும். எல்லா ஊர்லயும் அப்பா காலையில மொட்டமாடில நின்னு கேமரா முன்னால ஒரு விரல நீட்டிக் காட்டறார். பத்து செகண்டு அப்படியே காட்டறார். அங்க ஒண்ணுமே இல்ல சித்தி. வெறும் வானம். எதக் காட்டறார்?”

நான் போனை மறு காதுக்கு மாற்றினேன்.

“அம்மாகிட்ட கேட்டா எதுவும் சொல்ல மாட்டா. அப்பா ரொம்ப அமைதி போல. ஒரு வார்த்தகூட பேசாம ஊர் ஊரா எடுத்திருக்கார். நானும் அதே மாதிரிதானே? ஆபீஸ்ல எல்லாரும் கேக்கறாங்க, ஏன் பேசவே மாட்டேங்கறன்னு. அப்பா மாதிரின்னு சொல்லிடுவேன்.”

“அடுப்புல பால் வச்சிருக்கேன் பாப்பா, அப்புறம் பேசறேன்” என்று வைத்துவிட்டேன். வீட்டில் அன்று பாலே இல்லை.

இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. என் தப்பை அவள் அறிந்தால் எனக்கு மிச்சமிருக்கிற ஒருத்தியும் போய்விடுவாள் என்ற பயம். ஆனால் அந்தப் பிள்ளை, தன் அப்பா ஊமை மாதிரி இருந்தவர் என்று நம்பி, தன்னையும் அப்படியே வைத்துக்கொண்டிருக்கிறதே. மூன்றாம் நாள் காலையில் போனைக் கையில் எடுத்து அவளுக்குக் குரல் செய்தி பேசினேன். பேசி அழித்து, பேசி அழித்து, ஏழெட்டு முறைக்குப் பிறகு ஒன்றை அனுப்பினேன். உன் அப்பா வாய் ஓயாத மனுஷர், அவர் குரலைத் துடைக்கச் சொன்னவள் நான், உன் அம்மா என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்று சொன்னேன்.

அன்று முழுக்கப் பதில் இல்லை. மறுநாள் மத்தியானம் வந்தது. அழுது முடித்த குரல். “உன்ன திட்டணும்னுதான் சித்தி இருந்தேன். இன்னும் கோவம் போகல. ஆனா நீயும் போயிட்டா சொல்றதுக்கு ஆளே இல்ல. அப்பா எங்கெங்க என்னென்ன பேசுவார்னு ஞாபகம் இருக்கறதெல்லாம் பேசி அனுப்பு.”

அன்றே டி.வி.யில் சி.டி.யைப் போட்டு, பாட்டுச் சத்தத்தை முழுக்க அணைத்துவிட்டு, போனை மடியில் வைத்து உட்கார்ந்தேன். கிழவி, லிஃப்ட் கதவு, இதெல்லாம் கொஞ்சம் வந்தது. அதற்கு மேல் வரவில்லை. யோசித்து யோசித்துப் பார்த்தேன். நான்தான் பயந்துகொண்டு சமையல்கட்டில் நின்றவளாயிற்றே. டி.வி.யில் அவர் பேசிய மெல்லிய பேச்சு அங்கே எட்டவில்லை. அங்கே கேட்டதெல்லாம் அக்கா உரக்கச் சொன்ன பதில்கள்தான். அவை ஒன்று விடாமல் இருக்கின்றன.

அதனால் அதையே பேசினேன். படம் ஓட ஓட, அக்கா பேசிய இடங்களில் அக்கா பேசியதைச் சொன்னேன். “ஆச்சு, இப்பத்தான் சாப்ட்டேன்.” கொஞ்சம் பொறுத்து, “ரெண்டு பல்லு மொளச்சிருக்கு, கடிக்குது.” பிறகு, “அவ எங்க பாக்கறா? சமயக்கட்டுல கீறா, நீ வுயுந்துடுவியாம்.” அவர் கேட்டதை அவள் இதிலிருந்து பிடித்துக்கொள்ளட்டும்.

மொட்டைமாடி வந்தது. விடிகிற வெளிச்சம். அந்த விரல் படத்துக்குள் நீண்டது. அக்கா இந்த இடத்தில் ஒவ்வொரு முறையும் விழுந்து விழுந்து சிரிப்பாள். அந்தச் சிரிப்பு எனக்கு வரவில்லை. சொன்னதை மட்டும் சொன்னேன்.

“யோவ், அது சூரியன் வர்ற பக்கம். அங்க ஏதுய்யா ஆவடி? ஆவடி உன் முதுகாண்ட கீது.”

விரல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு இறங்கியது. கேமரா மெதுவாக, இருட்டு இன்னும் விலகாத மறுபக்கத்துக்குத் திரும்பியது.